ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது என் அக்காவின் கணவருக்கு. பதினாறு வருஷமாக நான் பார்த்துப் பழகிய மனிதர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் என்ன கோளாறு என்று பார்ப்பவர், தன் கண்ணை நம்ப முடியாமல் என் எதிரில் உட்கார்ந்து சொன்னது இது. சொல்லும்போது அவர் முகத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளப் பொய் சொல்பவர்கள் உண்டு. தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்ள எவனும் பொய் சொல்ல மாட்டான். அதனால் நான் நம்பினேன்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நாற்பத்து நான்கு வயதில் அத்தானுக்கு நெடுந்தூரம் பைக் ஓட்டும் ஆசை பிடித்தது. பழைய வண்டி ஒன்றை வாங்கினார். பெரிய டாங்க், முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. நாள் பூராவும் ஓட்டினாலும் இடுப்பு வலிக்காத வண்டி. விற்றவர் ஓய்வு பெற்ற சர்வேயர், தனிக்கட்டை. அதிகம் பேசவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, “நல்ல வண்டி. கவனிச்சுக்கும்” என்றார்.

‘கவனிச்சுக்குங்க’ என்றுதான் சொல்லியிருப்பார், தன் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று அத்தான் நினைத்துக்கொண்டார்.

வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, வண்டியைப் பற்றி அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. நட்டைக் கழற்ற ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதிலேயே சந்தேகம். ஆசைக்கு ஒரு டூல்ஸ் பெட்டி வாங்கி, அதற்குச் சின்னப் பூட்டு வேறு போட்டு வைத்திருந்தார். “பூட்டு எதுக்கு? நீங்களே திறக்கறதில்ல, திருடனா திறக்கப்போறான்?” என்று அக்கா கேலி செய்வாள்.

வண்டி வந்த மூன்றாவது வாரம் செயின் தளர்ந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க ‘சளக்... சளக்...’ என்று சத்தம். திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் விடலாம் என்று இருந்தார். திங்கள் காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தால், சத்தமே இல்லை. குனிந்து பார்த்தார். செயின் அளவாக இழுத்து வைக்கப்பட்டிருந்தது. புதிதாக எண்ணெய் போட்டு, வழிந்ததைத் துடைத்தும் இருந்தது.

அடுத்த வாரம் பின் டயரில் காற்று. அதற்கடுத்த வாரம் கிளட்ச் கேபிள். எல்லாம் தானாகவே சரியாயின. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்கும் மாலை எழுவதற்கும் நடுவில்தான் நடக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார். அக்காவைக் கேட்டார். வண்டி அருகே யாராவது வந்தார்களா என்று வாட்ச்மேனைக் கேட்டார். யாரும் இல்லை.

அப்போதே பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. காரணம், அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

மாதம் ஒரு சனிக்கிழமை எட்டுப் பேர் சேர்ந்து தூரப் பயணம் போவார்கள். அந்தக் குழுவின் தலைவர் ஒருநாள் டீக்கடை வாசலில் அத்தானின் வண்டி அருகே உட்கார்ந்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எழுந்து, “யாரு சார் இந்த வண்டியப் பாக்கறது? கை சுத்தமான ஆளா இருக்கணும்” என்றார்.

தெரியவில்லை என்று சொல்லத்தான் அத்தான் வாயைத் திறந்தார்.

“நான்தான்” என்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து குழுவில் அவர் பெயர் ‘டாக்டர்’. ஸ்டார்ட் ஆகவில்லையா, டாக்டரைக் கேள். பிரேக் கத்துகிறதா, டாக்டரிடம் காட்டு. அத்தான் புருவத்தைச் சுருக்கிக் கேட்பார். தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்துப் பதில் அனுப்புவார். பாதி சரியாகவும் இருந்தது. நாற்பத்து நான்கு வருஷத்தில் யாரும் அவரை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. அதுதான் விஷயம்.

குழுவில் ஒரு நர்ஸ் இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அம்மாவைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் தனியாகப் போகப்போவதாகவும், செயினை மட்டும் கொஞ்சம் இழுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்து நின்றார்.

செயினை இழுக்க வேண்டுமானால் பின்சக்கரத்தின் பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். அந்த நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, அதன் துளையில் ஒரு சின்னக் கம்பி நுழைத்து மடக்கியிருப்பார்கள். பின் என்பார்கள். அத்தான் அதைப் பிடுங்கியபோது இரண்டாக முறிந்தது.

புதுப் பின் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை.

“பின் உடைஞ்சிடுச்சு, நாளைக்கு வாங்க” என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் சிஸ்டர் மரியாதையாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை. செயினை இழுத்து வைத்துவிட்டு, பின் இல்லாமலே நட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினார். துண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஆச்சா டாக்டர்?”

“ஆச்சு சிஸ்டர்.”

வியாழக்கிழமை காலை தலைவரிடமிருந்து போன் வந்தது. முந்தின நாள் வழியில் நட்டு தளர்ந்து, சக்கரம் கோணி, செயின் கழன்று பின்சக்கரம் இறுகிவிட்டது. சிஸ்டருக்குக் காறை எலும்பும் மணிக்கட்டும் முறிவு. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றதாம்.

அத்தான் ஓடினார். சிஸ்டர் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தார். பக்கத்தில், ஊரிலிருந்து வந்துவிட்ட அவருடைய அம்மா. விஷயம் வெளியே வந்திருக்கும், செருப்படி விழும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறார்.

சிஸ்டர் சிரித்தார். “நீங்க பார்த்துக் குடுத்த வண்டி டாக்டர். அதனாலதான் இதோட போச்சு.”

அந்த அம்மா எழுந்து வந்து அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அத்தான் கைகளை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். அப்போதும் அவர் சொல்லவில்லை.

மூன்று நாள் தூங்கவில்லை. தன் வண்டியை உண்மையாகவே பார்த்துக்கொள்ளும் அந்த ஆள் யாராக இருந்தாலும், அவன் காலில் விழ வேண்டும், நாலு பேர் முன்னால் இவன்தான் மெக்கானிக் என்று காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. ஞாயிறு மதியம் அக்கா தூங்கப் போனதும் டூல்ஸ் பெட்டியின் பூட்டைக் கழற்றிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஆளைப் பிடித்தால் பெட்டியையும் கொடுத்துவிடும் எண்ணம்.

மணி ஒன்று ஐம்பது.

அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருந்தது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அங்கே ஒரே டியூப்லைட் வெளிச்சம்தான். அத்தான் தூணுக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மூன்றடி தள்ளி அவருடைய வண்டி, பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.

இரண்டு ஐந்துக்குத் தண்ணீர் மோட்டார் நின்றது. அதன் பிறகு சுத்தமாகச் சத்தமில்லை. தன் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டதாம்.

இரண்டேகால்.

‘டக்.’

வண்டி நிமிர்ந்தது. இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி. யாரோ பின்னால் பிடித்துத் தூக்கியதுபோல எழுந்து, நடு ஸ்டாண்டில் உட்கார்ந்தது. பின்சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில்.

யாரும் இல்லை.

சக்கரம் சுற்றியது. மெதுவாக... நின்றது. மறுபடி கொஞ்சம் சுற்றியது... நின்றது. செயினின் நடுப்பகுதி மேலே எழும்பி, கீழே இறங்கியது. ஒரு விரல் தூக்கிப் பார்த்து விட்டதுபோல.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

தரையைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில், தூசியில், இரண்டு வட்டத் தடங்கள். முழங்கால் தடங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... அவை ஒரு சாண் முன்னால் நகர்ந்தன.

“பன்னெண்டு.”

தாழ்ந்த குரல். வேலையில் மூழ்கிய ஆளின் குரல். ஆணா பெண்ணா என்று இன்றுவரை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தானின் கை தானாகப் பெட்டியைத் திறந்தது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தது. நீட்டியது.

ஸ்பேனரின் கனம்... கையிலிருந்து போனது.

‘கிர்ர்... கிர்ர்...’

இரண்டு இருபத்தாறு. சத்தம் நின்றது.

“போட்டியா?”

“எ... எது?”

“பின்னு. அந்தப் பொண்ணு வண்டியில.”

போட்டேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்ததாம். பயத்தில் அல்ல. பழக்கத்தில். அந்த நேரத்திலும், அந்த இடத்திலும், டாக்டர் என்ற பேரைக் காப்பாற்றப் பார்த்தது வாய். அதை என்னிடம் சொன்னபோதுதான் அத்தான் அழுதார்.

“போடல.”

ஒரு மூச்சு. காதோரம்.

ஸ்பேனர் அவர் உள்ளங்கையில் திரும்ப வந்து உட்கார்ந்தது.

சூடாக இருந்தது.

அத்தான் மாடிப்படியை எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். சிஸ்டரிடம், அம்மாவையும் வைத்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னார். தன் வண்டியைத் தான் தொட்டதே இல்லை என்பது உட்பட. பின் துண்டுகளைக் கட்டில்மேல் வைத்தார்.

சிஸ்டர் கத்தவில்லை. அந்தத் துண்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்பேனே டாக்டர்.”

அப்போதும் டாக்டர் என்றுதான் வந்தது. குத்திக்காட்டச் சொன்னதல்ல, பழக்கத்தில் வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை என்றார் அத்தான். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலையே அத்தான் குழுவின் வாட்ஸ்அப்பிலும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டார். ஏழு பேர் படித்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

புதன்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு சர்வேயருக்குப் போன் செய்தார்.

“வண்டிய வாங்கினவன் பேசறேன் சார். ஞாயித்துக்கிழமை...”

“பேசுச்சா?” என்றார் சர்வேயர்.

அத்தான் குரலைத் தாழ்த்தினார். “பேசுச்சு. யாரு சார் அது?”

“தெரியாது. ஷோரூம்ல புதுசா எடுத்த வண்டி. மொத வாரத்துலருந்தே இருக்கு. உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?”

அத்தான் சொன்னார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“போடலன்னு சொன்னேன்.”

“நல்லது. அப்ப உங்கள விட்டுருக்கும்” என்றார் சர்வேயர்.

அவர் கதை இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியது. தம்பியின் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றுகிறேன் என்று பழைய ஆயிலை இறக்கியிருக்கிறார். நடுவில் யாரோ பார்க்க வந்தார்கள். புது ஆயில் ஊற்ற மறந்துவிட்டது. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பாலத்தின்மேல் எஞ்சின் இறுகி நின்றது. பின்னால் லாரி.

“அடுத்த ஞாயித்துக்கிழமை என்னையும் கேட்டுச்சு. தம்பி வண்டியில ஆயில் ஊத்துனியான்னு. உள்ள அம்மா அழுதுகிட்டு இருந்தாங்க. அவங்க காதுல விழுந்துடுமோன்னு... ஊத்துனேன்னு சொல்லிட்டேன்.”

“அதான் வண்டிய வித்துட்டீங்களா சார்?”

“வண்டியோட போயிடும்னு நெனச்சேன்.”

“போகலையா?”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் போன் துண்டிக்கப்படவில்லை. அத்தான் காதை அழுத்தி வைத்துக் கேட்டார். மறுமுனையில், அந்தத் தனிக்கட்டை மனிதரின் வீட்டில், போனுக்கு மிக அருகில், நிதானமாக ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த குரல்.

“ஊத்துனியா?”

சர்வேயர் திடுக்கிடவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல, களைத்த குரலில் பதில் சொன்னார்.

“ஊத்துனேன்.”