விளக்கெண்ணெய் குடித்த பிரேக்

அப்பா எங்கள் காருக்கு வீட்டிலேயே பிரேக் மாற்றியபோது எனக்குப் பத்து வயது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. யாரோ ஒரு துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கிளம்புவதற்குப் பிடிவாதம் பிடிக்கும். கிளம்பிவிட்டால் நிற்பதற்கு அதைவிடப் பிடிவாதம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு படிப்பு முடிந்துவிடும். என்னை நாமக்கல்லில் விடுதியில் சேர்த்து மேலே படிக்கவைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மா வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பஸ்ஸைச் சொன்னால் கூட்டம் என்பாள், மாட்டு வண்டியைச் சொன்னால் வெயில் என்பாள். கடைசியில் பேச்செல்லாம் பிரேக்கில் வந்து நின்றது.

"நிக்கத் தெரியாத காருல எம்புள்ளைய எப்படிங்க உடறது?"

"பிரேக்கு புதுசா மாத்திட்டா?"

"மாத்திட்டா அனுப்பறேனுங்க."

அப்பா சேலத்துக்குப் போய் பிரேக்குக்கான லைனிங் பட்டை வாங்கி வந்தார். சனிக்கிழமை காலையில் அவரும் சித்தப்பாவும் காரைத் தூக்கி, உரலைக் கவிழ்த்து அச்சுக்கு முட்டுக் கொடுத்தார்கள். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே வில் போல வளைந்த இரும்புக் கட்டைகள் இருந்தன. பிரேக்கை அழுத்தும்போது அவைதான் விரிந்து சக்கரத்தைப் பிடிக்குமாம். அவற்றின் மேல் ஒட்டியிருந்த பழைய லைனிங் தேய்ந்து காகிதமாகியிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டுப் புதிய லைனிங்கை வைத்து, பித்தளை ரிவிட் இறக்கி, அப்பா ஒவ்வொன்றாக அடித்தார். நான் ரிவிட்டுகளைச் சேலைத் துணியில் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் நாமக்கல் கொஞ்சம் கிட்டே வருவதாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று காலையிலிருந்து அம்மாவும் சும்மா இல்லை. களத்தின் கோடியில், கிணற்றை மறைத்தாற்போல வைக்கோலைக் குவிக்கச் சொல்லி ஆளை விரட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுக்குக் கிட்டத்தில் இருக்கட்டும் என்றாள். மாட்டுக் கொட்டகை வேறு திசையில் இருந்தது.

கட்டைகளைச் சாக்கின் மேல் அடுக்கிவிட்டு அவர்கள் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. எங்கள் வீட்டில் புதுக் கலப்பை வந்தாலும் புது முறம் வந்தாலும் அப்படித்தான். அப்பா சிரித்துக்கொண்டே அவற்றை மாட்டினார்.

களத்தில் காரை ஓட்டிப் பார்த்தார். பிரேக்கை அழுத்தினார். கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நிதானமாகப் போய் வைக்கோலுக்குள் முகத்தை நுழைத்து நின்றது.

"ஏனுங்கண்ணா, தீனி திங்கப் போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் சித்தப்பா.

மறுபடியும் சக்கரத்தைக் கழற்றியதும் விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது.

"ஆரு இதுல எண்ணெய ஊத்துனது?"

"நாந்தானுங்க. வண்டிச் சாமானுக்கு எண்ணெ போடாம மாட்டுவாங்களா?" என்றாள் அம்மா.

அப்பா கோபப்படப் பார்த்து, முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இது தேய்க்கறதுக்குப் புள்ள, வழுக்கறதுக்கு இல்ல."

"அண்ணி காருக்குப் பேதிக்குக் குடுத்துட்டாங்க. இனி எங்க நிக்கும்?" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலத்துக்குப் போய் வேறு வாங்கி வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும் என்று அப்பா சொன்னார். நான் உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த பாவாடைகளை எடுத்துப் பழையபடி கொடியில் போட்டேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்ததில் அவள் வருந்துகிறாள் என்று நினைத்து அவளிடம் போனேன்.

"நீ தெரியாமத்தானம்மா போட்ட. நான் அடுத்த வருசம் போயிக்கறேன்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, "ஆமாஞ் சாமி, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

சட்டென்று வெளியே போய்க் கட்டைகளைக் கழற்றித் தரச் சொன்னாள். அடுப்பை மூட்டி, தோசைக்கல்லைப் போட்டு, அவற்றைக் கவிழ்த்து வைத்தாள். எண்ணெய் கசிந்து புகைந்தது. சலித்த சாம்பலைத் தூவித் தேய்த்தாள், மறுபடி சுட வைத்தாள், மறுபடி தேய்த்தாள். இன்றைக்குப் பலகாரம் இதுதானா என்று சித்தப்பா எட்டிப் பார்த்துக் கேட்டார். அவள் வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, கறை படியவில்லை என்று பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.

சாயங்காலம் கார் களத்தின் நடுவில் குலுங்கி நின்றது. திங்கட்கிழமை அம்மாவும் எங்களோடு வந்தாள். இறக்கம் வந்த இடங்களிலெல்லாம் பின் சீட்டில் அவள் காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. நாளைக்கு அவளைத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இன்று காலை அவளுடைய புதுச் சிலேட்டைக் காணோமென்று வீடு முழுக்கத் தேடினேன். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு அவ்வளவு தூரம் கை எட்டாது. நான்தான் வைத்திருக்க வேண்டும். ஏன் அங்கே வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. துடைத்து அவள் பையில் வைத்தேன்.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அவள் பிறந்த வீடு பாரவண்டி ஓட்டிய வீடு. அச்சுக்கு எண்ணெய் போடலாம், இறக்கத்தில் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற கட்டையில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது என்பது அந்த வீட்டில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பிறகு, கிணற்றை மறைத்து அவள் குவிக்கச் சொன்ன அந்த வைக்கோல். ஒருவேளை நான்தான் இல்லாததை எண்ணிக்கொள்கிறேனோ என்னவோ.

நான் பாவாடைகளைத் திரும்பக் கொடியில் போட்டதைப் பார்த்துவிட்டு, தெரியாமல் போயிற்று என்று அன்று அம்மா சொன்னது எண்ணெயைப் பற்றி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.