நான் அடைத்த காற்றுத் துவாரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனின் பார்க்கிங் பகுதியில் புதிய அடுக்குமாடி வீடொன்றுக்குக் குடிபோனோம். மிளகாய் வறுக்கும் நெடிக்கு அயலவர்கள் முறையிடுவார்களோ என்று அஞ்சி, சமையலறைச் சுவரின் காற்றுத் துவாரத்தை டேப்பால் ஒட்டினேன். வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலர் எரிய அந்தக் காற்று வேண்டும் என்ற அறிவித்தலை, பொறியியல் படித்த நான் வாசித்தும் பொருட்படுத்தவில்லை.

எங்களோடு தங்கியிருந்த மனைவியின் தம்பி சமையலறைக்கு அடுத்த அறையில் படுப்பான். ஒருநாள் காலை அவன், "அத்தான், தலை இடிக்குது, எழும்ப ஏலாமக் கிடக்கு" என்றான்.

"வேலையெண்டாத்தான் உனக்குத் தலையிடி வரும். லண்டனுக்குப் படுக்கவோ வந்தனி?" என்று சிரித்துவிட்டுப் போனேன்.

மாலையில் நானும் மனைவியும் திரும்பியபோது அவன் நினைவின்றிக் கிடந்தான். காற்றுப் போதாமல் எரிந்த பொயிலரின் நச்சு வாயு என்றார்கள் மருத்துவர்கள். பிழைத்தான், ஆனால் தன் அக்காவை அவனுக்கு இன்றுவரை அடையாளம் தெரியவில்லை.

இப்போது யாராவது தலையிடி என்றால், காரணம் கேட்காமல் யன்னலைத் திறக்கிறேன்.