கண்ணை மூடினால் ‘ஆமாம்’

அப்பாவின் இடது கை முதலில் மறுத்தது பைக்கின் கிளட்சை. கூனிமேடு திருப்பத்தில், உப்பு மூட்டை ஏற்றிய லாரிக்கு முன்னால், வண்டி அணைந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் இறங்கித் தள்ளினேன்.

“ஒயரு டைட்டா இருக்குது” என்றார். மெக்கானிக் பார்த்துவிட்டு ஒயரில் குறை இல்லை என்றான்.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பனிமலைப் பாதைகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று, மரக்காணத்துக்குத் திரும்பினார். அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்தாள். அவள் விடியுமுன் கிளம்பிவிடுவாள் என்பதால், அப்பா விடுப்பில் வரும்போதெல்லாம் எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். தெருவே சிரிக்கும். அவர் கண்டுகொள்ளமாட்டார். அவர் பின்னிய சடை சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது.

அந்த இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளம் விழுந்தது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டோம், ஒத்தடம் கொடுத்தோம். ஏறக்குறைய ஒரு வருடம் அதிலேயே போனது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு வலியே இல்லாமல் கை மெலிந்தால், தோலுக்கடியில் சதை தானாகத் துடித்தால், தயவுசெய்து நரம்பியல் மருத்துவரிடம் முதலிலேயே போய்விடுங்கள். இந்த நோய் குணமாகாது. ஆனால் என்னவென்று தெரியாமல் அலையும் காலம் மிச்சமாகும்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஈ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அப்பாவும் எழுந்து கூடவே வந்துவிட்டார்.

மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோவது) என்று சொன்னார்.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, “எவ்ளோ நாளுன்னு கேக்கல மேடம். எதெது போகும், எது கடைசி வரைக்கும் நிக்கும்? அத சொல்லுங்க” என்றார்.

கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. பெரும்பாலும் அறிவும் பார்வையும் நிற்கும் என்றார் அவர்.

“அது போதும்ங்க” என்று அப்பா எழுந்தார். வெளியே தாழ்வாரத்தில் நான் அழுதேன். அவர் தோளால் என்னை இடித்தார். “ஏம்மா செல்வி, பசிக்குது. டிபன் சாப்டலாமா?”

அதன்பின் அவர் நோயைவிட ஒரு அடி முன்னால் போய்க்கொண்டே இருந்தார். நடக்க முடிந்தபோதே சக்கர நாற்காலி வாங்கச் சொன்னார். பேச்சு குழறத் தொடங்கியதும் எழுத்து அட்டை தயாரித்தோம். மெய்யெழுத்துகள் நாலு வரிசை, உயிரெழுத்துகள் இரண்டு வரிசை. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படிப்பேன்; சரியான இடத்தில் அவர் கண்ணை மூடுவார். மூடினால் ‘ஆமாம்’. பேச்சு முழுதாகப் போகும்முன்பே தினமும் பழகினோம். பள்ளிக்கூடமே போகாத அம்மா அந்த அட்டையில்தான் எழுத்துக் கற்றாள். அவள் கூட்டிய முதல் சொல் ‘டீ’.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தார். வயிற்றில் உணவுக்குழாய் (தோல் வழியே நேராக இரைப்பைக்குப் போகும் குழாய்) வேண்டாம் என்றார். ஒருநாள் இட்லித் துண்டு தொண்டையில் சிக்கி முகம் நீலம் பாரித்தது. நான் அவரை முன்னால் சாய்த்து முதுகில் அறைந்தேன். துண்டு வெளியே வந்து விழுந்தது.

அம்மா தட்டைத் தரையில் வைத்தாள். “சண்டைக்கு அனுப்பி வச்சேன், திரும்பி வந்த. இட்லிக்கு உன்ன விட்டுக்குடுக்க முடியாது” என்றாள்.

அவர் கண்ணை மூடினார். மறுவாரம் குழாய் வைத்தோம்.

மூச்சுத் தசைகள் தளர்ந்தபின் பைபேப் (முகமூடி வழியே காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி) வந்தது. நாளின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. ஐப்பசியில் புயல் வந்தது. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. மதியத்துக்குள் இன்வெர்ட்டரும் அணைந்தது. உப்பளமும் சாலையும் ஒரே நீர்ப்பரப்பு. ஆம்புலன்ஸ் வர வழியில்லை.

ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை) வீட்டில் இருந்தது. மருத்துவமனையில் நர்ஸ் எனக்கும் அம்மாவுக்கும் அழுத்தப் பழக்கியிருந்தார். ஆனாலும் அன்று எண்ணிக்கை தவறியது. வேகமாக அழுத்தினேன். அப்பா கண்களை அகல விரித்து என்னை முறைத்தார். பிறகு மெல்ல மூடினார், திறந்தார், மூடினார். மூடும்போது அழுத்த வேண்டும் என்று புரிந்தது. சாகக் கிடந்த மனிதர், எனக்குத் தாளம் போட்டுக் கொடுத்தார்.

கை மரத்ததும் அம்மா வாங்கிக்கொண்டாள். அவளோடு உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள். உப்பை இழுத்துக் குவிக்கும் வாரிப்பலகை பிடித்துக் காய்த்த கைகள். “அண்ணன் கண்ண மட்டும் பாரு, அதுவே சொல்லுது” என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கூனிமேட்டில் பந்தல் கடை வைத்திருக்கும் பஷீர் பாய்க்கு நான் போன் செய்திருந்தேன். சாயங்காலம் டிராக்டரில் ஜெனரேட்டரோடு வந்தார். “இன்ஷா அல்லா, ஒண்ணும் ஆவாதும்மா. பிளக்கு எங்க?” கருவி இரைந்து ஓடத் தொடங்கியது. அப்பா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கண்ணை மூடினார்.

மாசியில் நுரையீரலில் சளி கட்டி, பாண்டிச்சேரி மருத்துவமனையில் சேர்த்தோம். டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டுக் குழாய் வழியே நிரந்தரமாகச் சுவாசக் கருவி இணைப்பது) செய்தால் இன்னும் சில காலம் இருப்பார் என்றார் டாக்டரம்மா. அப்பாவிடமே கேட்டார். அப்பா அட்டையைப் பார்த்தார். ‘வேண்டாம். வீட்டுக்கு.’

“அப்பா, நான் பாத்துக்கறேன்ப்பா. புயல்லயே பாத்துக்கிட்டோமே” என்றேன்.

அவர் நிதானமாக எழுத்துகளைத் தேர்ந்தார். ‘நீ பாப்ப. எனக்குப் போதும்.’

அது தோல்வியில்லை என்று ஏற்க எனக்கு வீடு திரும்பும் அந்த ஒரு பயணம் தேவைப்பட்டது. வீட்டுக்கு வந்தபின் மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தைக் குழாய் வழியே கொடுத்தோம். அம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். ஒரு பகல் பொழுதில், வேதனையில்லாமல் போனார். அவரோடு பணிபுரிந்த இருவர் வந்து சல்யூட் அடித்தார்கள். காரியம் முடிந்ததும் அம்மா அளத்துக்குக் கிளம்பினாள். “வெயிலு வந்துடுச்சி, உப்பு நமக்காக நிக்குமா?” என்றாள்.

இதைப் படிக்கும் நீங்கள் இப்போது யாருக்கோ பை அழுத்திக்கொண்டிருக்கலாம். உங்களால் முடியும். கைமாற்ற ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமென்று படுத்திருப்பவரிடமே கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.

நான் கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சர்வர் அடிக்கடி நின்றுவிடும். வந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு இப்போது அந்தச் சலிப்பு வருவதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறேன். வாயில் ஊறும் எச்சில் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. விலா எலும்புகள் விரிந்து, இறங்கி, மறுபடி விரிகின்றன. யாரும் சொல்லாமலே, தானாக.