சாவி கொடுக்க வேண்டாத வாட்ச்

என் கணவருக்கு மாப்பிள்ளைச் சீராக அப்பா போட்டது ஒரு சுவிஸ் வாட்ச். அப்போது புதிதாக வந்திருந்த மாடல். தங்க முலாம் ஓரம், கருநீல முகம், தேதி காட்ட ஒரு குட்டி ஜன்னல். எல்லாவற்றையும்விடப் பெருமை, அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம் என்பதுதான். கூடலூரில் தோட்டம் வைத்திருந்த அப்பா கொச்சி வரை போய் வாங்கி வந்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கல்யாணம் வரை தன் கையில் கட்டிக்கொண்டு மலையில் ஏறி இறங்கினார்.

மணமேடையில் மாட்டிவிடும்போது, "தலைமுறை தலைமுறையா கடிகாரமே தொழிலா வச்சிருக்கவுக செஞ்சது மாப்ள. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், அதுபாட்டுக்கு ஓடும்" என்றார்.

மாப்பிள்ளையும் ஒன்றும் செய்யவில்லை. அவருக்குப் போடி பஜாரில் ஜவுளிக்கடை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். வாட்சில் கீறல் விழும் என்று பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். விசேஷத்துக்குக் கட்டலாம் என்று எடுத்தபோதெல்லாம் அது நின்றே கிடந்தது.

"ஒங்கப்பா ஓடாத வாட்ச என் தலையில கட்டிட்டாக" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் மாமியார் அதையே ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவைக்க, பேச்சு கூடலூர் வரை போய்விட்டது. தலைத்தீபாவளிக்கு நாங்கள் அங்கே போக வேண்டும். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா கூனிக்குறுகி நிற்பாரே.

ஊருக்குக் கிளம்ப நாலைந்து நாள் இருக்கும். மாவாட்ட உட்கார்ந்தவள், இருந்த ஆத்திரத்தில் அந்த வாட்சை எடுத்து என் கையில் மாட்டிக்கொண்டேன். ஓடாத வாட்சை யார் கட்டினால் என்ன? முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு உளுந்தை ஆட்டினேன். அரைத்து முடித்துக் கையைக் கழுவும்போது பார்க்கிறேன், முள் நகர்கிறது! கழற்றி வைக்க மனமில்லாமல் அன்று முழுக்கக் கட்டியிருந்தேன். ராத்திரி வரை நிற்கவேயில்லை. கை ஆடினால்தான் அது ஓடும் என்பது அப்போதுதான் புரிந்தது. நடையாய் நடக்கிற என் அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

சொன்னால் இவர் நம்ப வேண்டுமே. மறுநாள் வாட்சைக் கழற்றி வைத்து, அது நின்ற பிறகு அவர் கையில் கட்டி ஆட்டுக்கல் முன்னால் உட்காரவைத்தேன். ஜவுளிக்கடை முதலாளி மாவாட்டுவதைப் பார்த்து மாமியார் வாயில் சேலையை வைத்துக்கொண்டார். இவர் குழவியைச் சுற்றிச் சுற்றி, வாட்சைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

தீபாவளியன்று கூடலூர் வீடு நிறைய சொந்தம். இலையில் உட்கார்ந்திருந்த இவரிடம் அப்பா மெல்லக் குனிந்து, "வாட்ச் மக்கர் பண்ணுதாமே மாப்ள. நான் வேற வாங்கித் தாரேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

இவர் கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினார். "வாட்ச்ல ஒரு கொறையும் இல்ல மாமா. நான்தான் சோம்பேறி. ஒங்க மக மாவாட்டவிட்டுல்ல ஓட வச்சா!"

பந்தியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை இலையில் தன் கையால் இன்னொரு பணியாரம் வைத்தார். அதுவரை எனக்குக் கட்டிவைத்த மனிதராக மட்டும் இருந்த என் கணவர் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்துப்போனார்.