உயிரோடு பிடித்த நண்டுகள்

சண்முகவடிவை லயத்தில் எல்லோரும் நண்டு வடிவு என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறாள். கொழுந்தால் அவளுக்கு ஒரு பெயரும் வரவில்லை.

தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், கடைகளைத் தாண்டியதும் தேயிலைக்கு நடுவே ஓர் ஓடை வரும். லயத்து வரிசை வீடுகள் அதற்கு மேலே. வேலை விட்டு வரும்போது அவள் கொழுந்துக் கூடையைக் கரையில் வைத்துவிட்டு ஓடையில் இறங்குவாள். கல்லைப் புரட்ட மாட்டாள். அடியில் கையை விட்டு, நண்டின் முதுகைத் தொட்டு, பின்பக்கமாகப் பிடித்து எடுப்பாள். லயத்தில் யாருக்காவது சளி நெஞ்சில் கட்டிக்கொண்டால் அவளிடம்தான் வருவார்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுப்பாள். விற்றதில்லை.

அவளிடம் சில கட்டுப்பாடுகள் இருந்தன. செத்த நண்டைத் தொடக்கூடாது. கையில் எடுத்தால் நண்டு கொடுக்கைத் தூக்க வேண்டும். ஓட்டைப் பிளந்து, பஞ்சு மாதிரி இருக்கும் செவுளைப் பிய்த்து எறிய வேண்டும். ஓடு சிவந்த பிறகும் அடுப்பிலிருந்து இறக்கக்கூடாது. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. தின்று ஒருமுறை உடம்பு தடித்தவர்களுக்கு மறுபடி கொடுக்கக்கூடாது.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி ஒருமுறை கேட்டாள்.

“ஏன் அக்கா, லயத்துக் கான் தண்ணியெல்லாம் இந்த ஓடையிலதான் வந்து விழுது. இதுல கெடக்குறதத் திங்கலாமா?”

“உசிரோட இருக்குல்ல? தண்ணி கெட்டுப்போனா மொதல்ல சாகுறது அதுதான்டி. அது நம்மளவிட ரோசக்காரி.”

“இருந்தாலும் அழுக்கு...”

“கொதிச்சா எது நிக்கும்? பேயே நிக்காது.”

“அப்ப ஒங்க வீட்டுக்காரர ஒருக்கா கொதிக்க வைங்க அக்கா. உள்ள இருக்குற சாராயமாவது எறங்கட்டும்.”

உயிரோடு பிடி, நன்றாகக் கொதிக்க வை. லயத்துப் பெண்கள் இதைப் பாடமாக்கிக்கொண்டார்கள். கிளினிக்குக்கு வரும் மிட்வைஃப்கூடக் கேட்டுவிட்டு, சரிதான் என்று தலையாட்டினாள்.

வடிவு இன்னொன்றும் சொல்லுவாள். பெருமழைக்கு முன்னால் நண்டுகள் தண்ணீரை விட்டுக் கல்லில் ஏறும். அவள் பார்த்துச் சொன்னால் விறகை உள்ளே எடுத்து வைப்பார்கள். அநேகமாக மழை வரும்.

கணவன் பொன்னையா தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். ஓடையின் மேல் வளைவுக்கு அப்பால் ஒரு முதலாளி உருளைக்கிழங்கு போட்டிருந்தார். அங்கே கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். பூச்சிமருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பது அவன் வேலை.

மகள் நிலக்ஷி வலப்பனையில் வாழ்க்கைப்பட்டவள். மருமகன் கஜேந்திரன் ஆட்டோ ஓட்டுகிறான். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்காக அவளை அழைத்து வந்திருந்தார்கள். தை மாதக் குளிர். வந்த நாளிலிருந்து இருமல். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் கண்ட மாத்திரையும் கொடுக்க முடியாது.

“நண்டு ரசம் வச்சுத் தாம்மா.”

“ஒங்க மாமியாரு போன் போட்டுச் சொல்லியிருக்காங்க. நண்டு சூடாம்.”

“அவங்களுக்கு பப்பாசி சூடு, அன்னாசி சூடு, நண்டும் சூடு. நான் குளிர்ல நடுங்குறேன். சூடா எதையாச்சும் குடு.”

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பல நாட்களாக மழை இல்லை. வேலை விட்டு வந்தபோது ஓடையில் ஒரு கல்லுக்கடியிலும் கையை விட வேண்டியிருக்கவில்லை. நண்டுகள் வெளியே ஏறிக் கிடந்தன. கல்லின் மேலும் கரைப் புல்லிலும் கிடந்தன. அவள் ஒன்றை எடுத்தாள். அது கொடுக்கைத் தூக்கியது. மெதுவாகத்தான் தூக்கியது. ஆனால் தூக்கியது.

லயத்துக்கு வந்து, “மழை வரப்போகுது, துணிய எடுங்க” என்று சத்தம் போட்டாள்.

செவுளைப் பிய்த்தாள். மூன்று தண்ணீரில் கழுவினாள். மஞ்சள் போட்டு, ஓடு சிவந்து, அதற்குப் பிறகும் கொதிக்கவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் மீன் மச்சம் வாயில் வைப்பதில்லை. அதனால் உப்புகூடப் பார்க்கவில்லை. நிலக்ஷி அடுப்படியிலேயே உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். ஓட்டைக் கடித்து உறிஞ்சினாள். நெஞ்சு இளகிவிட்டது என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் பொன்னையா வந்தான்.

“என்னா வாசம்?”

“நண்டு. ஓடையில மேல ஏறிக் கெடந்துச்சு. மழை வரும்.”

அவன் வாசலிலேயே நின்றான். “எல்லாத்தையும் குடிச்சிட்டாளா?”

“சட்டியையே வழிச்சிட்டா. ஏன், வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஒங்களுக்கு நாக்கு ஊறுதோ?”

 அவள் ஊற்றி வைத்த தேத்தண்ணியை அவன் தொடவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

விடிவதற்குள் நிலக்ஷிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன. குளிரிலும் உடம்பு வேர்த்து ஒழுகியது. வாயில் எச்சில் நிற்கவில்லை. கைகால் தசையெல்லாம் தனித்தனியாகத் துடித்தன. தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். லொறி இறங்கும்போது கிழக்கே வெயில் வந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மழை வரவில்லை என்பதை வடிவு அப்போதுதான் கவனித்தாள்.

ஆஸ்பத்திரியில் குறைமாதத்திலேயே பிரசவமானது. ஆண் குழந்தை. அழவில்லை.

நர்ஸ் சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் பேசினாள். என்ன சாப்பிட்டது என்று கேட்டாள்.

“நண்டு, மிஸ்ஸி.”

“நல்லா வேகாத நண்டு குடுக்கக் கூடாதுதானே அம்மா.”

“வெந்துச்சு மிஸ்ஸி. ஓடு செவந்த பெறகும் கொதிச்சுச்சு.”

“எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றது” என்றாள் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. வடிவின் தோளில் கை வைத்துத்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நிலக்ஷியை மாமியார் நேராக வலப்பனைக்குக் கூட்டிப் போய்விட்டாள். வடிவு ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போயிருந்த சோற்றை நிலக்ஷி திறக்கவில்லை. “வேணாம்மா, இங்க வாங்கிக்கிறேன்” என்று மட்டும் சொன்னாள்.

லயத்தில் யாரும் வடிவைத் திட்டவில்லை. ரசம் கேட்டு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசிக்கொண்டார்கள். அவசரத்தில் இறக்கியிருப்பாள். வெள்ளிக்கிழமை, ருசியும் பார்க்கவில்லை. இருட்டில் செத்தது ஒன்று கலந்திருக்கும். அப்போது இருட்டவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. சொன்னால் மற்றதையெல்லாம் ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னையா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனான். அவள் எடுத்துக்கொண்டு மேல் வளைவுக்குப் போனாள். அவன் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று மருந்து டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தான். மருந்து வெள்ளையாகக் கரைந்து கீழே போயிற்று. அது போகும் பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கற்களைச் சுற்றி, தேயிலைக்கு நடுவே, லயத்தின் பக்கம் போயிற்று.

“அன்னைக்கும் இங்கதான் கழுவுனீங்களா?”

“பைப்புல தண்ணி வரல.”

“அந்த வெள்ளிக்கெழமை?”

“அதான் சொன்னேனே, தண்ணி வரலன்னு.”

“வாசல்ல நின்னு கேட்டீங்க, எல்லாத்தையும் குடிச்சிட்டாளான்னு.”

அவன் டாங்கியைக் கவிழ்த்தான்.

“அப்பவே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். இன்ன மருந்துன்னு சொல்லியிருக்கலாம்.”

“ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்” என்றான். “நீதானே சொல்லுவ, கொதிச்சா எல்லாம் போயிரும்னு.”

அடுத்த வாரம் அவள் அவனையும் இழுத்துக்கொண்டு வலப்பனைக்குப் போனாள். நிலக்ஷி மெலிந்திருந்தாள். கஜேந்திரன் மரியாதையாகக் கதிரை எடுத்துப் போட்டான். வடிவு தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. மேலே மருந்து டாங்கி கழுவினார்கள், தண்ணீர் நஞ்சாகிவிட்டது, நண்டு அதற்காகத்தான் ஏறியது, மழைக்காக இல்லை என்றாள்.

கஜேந்திரன் யோசித்தான். “மருந்துத் தண்ணின்னா நண்டு செத்துப்போகும்தானே அத்தை? நீங்க உசிரோடதானே புடிச்சீங்க?”

“உசிரோடதான்.”

“நல்லா கொதிக்க வச்சீங்க?”

“வச்சேன்.”

“அப்ப எப்படி? கொதிச்சா எது நிக்கும்னு இவகூட எங்க வீட்டுல சொல்லுவா. நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு.”

 அழுகலுக்கும் அழுக்குக்கும் அவளிடம் கட்டுப்பாடு இருந்தது. பாதி நஞ்சில் உயிரோடு இருப்பதற்கும், கொதித்தாலும் போகாததற்கும் அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

“மாமாவைக் கேளுங்க” என்றாள். “அவருக்குத் தெரியும்.”

நிலக்ஷி அப்பாவைப் பார்த்தாள். “சொல்லுங்கப்பா. அன்னைக்கு மருந்து அடிச்சீங்களா?”

பொன்னையா அதற்குள் வந்திருந்த தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்தான். “அன்னைக்கு அந்தப் பக்கம் அடிக்கல” என்றான்.

உள்ளே மாமியார் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. நிலக்ஷி எழுந்து வந்து வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அவசரத்துல எறக்கிட்டேன்னு சொல்லு. ஒரு தடவ சொல்லு. நான் விட்டுர்றேன். பழையபடி வந்து போறேன்.”

வடிவு அந்தக் கையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் போல இருந்தது.

“கொதிச்சுச்சு புள்ள” என்றாள்.

நிலக்ஷி கையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நுவரெலியாவில் பஸ் மாறினார்கள். பொன்னையா வடை வாங்கி வந்து கொடுத்தான். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். தலவாக்கலை வரை அது அப்படியே இருந்தது.

“நான் கொன்னேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?” என்றான் அவன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

“நான் கொன்னேன்னு மட்டும் சொல்லலாமா?” என்றாள் வடிவு.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பேசவில்லை. அவன் வேலைக்குப் போனான். அவள் சமைத்து வைத்தாள். நண்டு பிடிக்க இறங்கவில்லை. யாராவது ஓடைப் பக்கம் போனால் மருந்துத் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தாள். “உசிரோடதான் இருக்கு அக்கா” என்றார்கள்.

சித்திரை முடிந்து சில நாட்கள் இருக்கும். அவள் கொழுந்து மலையிலிருந்து வந்தபோது நாகலெட்சுமியின் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஓடையில ஏறிக் கெடந்துச்சு அக்கா, அள்ளிக்கிட்டு வந்தேன். துணிய எடுத்து வைங்க, மழை வருது.”

வடிவு வானத்தைப் பார்த்தாள். மேற்கே கொஞ்சம் மூட்டம். அவள் மேல் வளைவுக்கு ஓடினாள். அங்கே யாரும் இல்லை. கிழங்குத் தோட்டத்தில் ஆள் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் தெளிவாக ஓடியது. கழுவிய தண்ணீர் போய்விட்டிருந்தாலும் அது தெளிவாகத்தான் ஓடும்.

திரும்பி ஓடி வந்தபோது நாகலெட்சுமி அகப்பையால் மொண்டு கிண்ணத்தில் ஊற்றப் போனாள். அந்தப் பிள்ளைகள் குடித்து ஏதாவது ஆனால் நிலக்ஷி நம்புவாள் என்ற நினைப்பு ஒரு நொடி வடிவுக்குள் வந்தது. வந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. காலால் சட்டியை எத்தினாள்.

ரசம் அடுப்பில் விழுந்து புகைந்தது. நண்டுகள் சிவப்பாக மண்ணில் சிதறின. கடைசிப் பிள்ளை வீறிட்டது.

“பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?” என்று நாகலெட்சுமி கத்தினாள். அக்கா என்று சொல்லவில்லை. “ஓம் பேரப்புள்ளைய முழுங்குனது பத்தாதுன்னு எம்புள்ளைங்க வாயில மண்ணப் போடுறியா?”

ஆட்கள் கூடினார்கள். வடிவு மருந்து என்றாள், தண்ணீர் என்றாள். யாரோ அவளைப் பிடித்து அவள் காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஆறு மணிக்கு மழை வந்தது. முதலில் தேயிலை மேல் கேட்டது. பிறகு தகரத்தில் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “பாத்தீங்களா? நண்டு பொய் சொல்லல.”

பொன்னையா நனைந்து வந்தான். அவள் அவனைக் கேட்டாள்.

“இன்னைக்குக் கழுவுனீங்களா?”

“இன்னைக்கு வேலையே இல்ல” என்றான். “டவுனுக்குப் போயிருந்தேன்.” தலையைத் துவட்டிக்கொண்டு போனான்.

போன் அடித்தது. நிலக்ஷி. வலப்பனைக்குப் போய் வந்த பிறகு அவள் போன் போடுவது அதுதான் முதல் தடவை.

“அம்மா, லயத்துலருந்து போன் வந்துச்சு. பக்கத்து வீட்டுச் சட்டிய எத்திவிட்டியாமே.”

“ஆமா.”

“அங்க என்ன சத்தம்? மழையா?”

“ஆமா. நல்லா பெய்யுது.”



“அப்ப நண்டு மழைக்குத்தான் ஏறியிருக்கு” என்றாள் நிலக்ஷி.

வடிவு மறுக்கவில்லை. இன்றைக்கு மழைக்குத்தான் ஏறியிருந்தன.