மிச்சம் நாலு குளிசை

தொண்ணூறுகளின் கடைசி. யுத்த காலம். மட்டக்களப்பு வாவியோரத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் மருந்தாளராக இருந்தேன். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடு ஒப்புவிப்பேன். அதை ஒரு தகுதி என்றே நினைத்திருந்தேன்.

மருந்து லொறி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே நானே ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். தட்டுப்பாடான குளிசைகளை ஐந்து நாளுக்கு மட்டும் கொடுப்பது. மிச்சத்தைத் துண்டில் எழுதி, பிறகு வந்து வாங்கச் சொல்வது.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, ஒரு பெண் தன் கணவனைக் கொண்டுவந்தாள். வயல் செய்கிறவர். நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட். டொக்டர் ஏழு நாளுக்குச் சிப்ரோஃப்ளோக்சசின் எழுதினார், பதினான்கு குளிசை. நான் பத்தைக் கொடுத்து, 'மிச்சம் நாலு' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

மூன்று வாரத்தில் அவர் அதே காய்ச்சலோடு, கண் குழிவிழுந்து திரும்பி வந்தார். எனக்குக் கோபம்.

"காய்ச்சல் விட்டதும் மருந்த நிப்பாட்டிப்போட்டீங்க, என்ன புள்ள?"

அவள் சீலைத் தலைப்பிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். "நிப்பாட்டினது நான் இல்ல ஐயா, நீங்கதான். ஆறாம் நாள் தோணித் துறைக்கு வந்தன், ஆமிக்காரனுகள் இந்தப் பக்கம் விடல்ல. இந்தத் துண்டக் காட்டினன், சிரிச்சானுகள்."

"துண்டக் கரைச்சுக் குடுத்திருக்கலாமே கா," என்றார் வரிசையில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அரைகுறை மருந்தில் தப்பும் கிருமிதான் பிறகு பெருகும் என்று நோயாளிகளுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

அதே மருந்தை மறுபடி தொடங்கினோம். காய்ச்சல் இறங்கவில்லை. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தது: அந்த மருந்துக்கு மட்டுமல்ல, அந்த வகை மருந்துகள் எதற்குமே கிருமி அடங்காது. வேறு வகை ஊசி எங்களிடம் இல்லை. டொக்டர் இன்னோர் இடத்தில் கெஞ்சி எடுத்தார். அவள் தினமும் என் யன்னலுக்கு வந்து, "இது முழுசா இருக்கா ஐயா?" என்று கேட்டாள். இருந்தது. மனிதர் பிழைத்தார்.

நான் கொடுக்காத நாலு குளிசைதான் காரணமா, இல்லை புதிதாகவே அப்படியொரு கிருமி தொற்றியதா என்று டொக்டரிடம் கேட்டேன். "தெரியாது," என்றார்.

அதன்பிறகு இருந்தால் முழுவதும் கொடுத்தேன். இல்லாவிட்டால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இன்றும் யாராவது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது என்றால், எந்தக் கரையில் நின்று பார்த்தபோது என்று கேட்கத் தோன்றுகிறது.