ஒட்டுவதெல்லாம் அட்டை

கப்பலூரில் இன்று பதினெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் வீரணன், தொண்ணூற்றைந்தாம் வருஷம் சுங்குடிப் புடவை வியாபாரி சௌரிராஜனுக்கு எழுநூற்று ஐம்பது ரூபாய் கடன்பட்டிருந்தார். யாரிடமும் கைநீட்டாத மனிதருக்கு அந்தக் கடன் வந்தது ஒற்றைச் சொல்லால்.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் வாய்க்காலில் இறங்கி அட்டை பிடிப்பதில் வீரணனை மிஞ்ச ஆள் கிடையாது. பிடித்ததைக் கலயத்தில் விட்டு, மதுரை கோரிப்பாளையத்து யுனானி வைத்தியர் ஹக்கீமிடம் கொண்டுவந்து கொடுப்பார். ஆறாத புண்ணில் ஹக்கீம் அதைக் கடிக்க விடுவார். கெட்ட ரத்தத்தைக் குடித்துவிட்டு அதுவாக உருண்டு விழும். ஒருநாள் அங்கே டீக்கடையில் யாரோ "அட்டைக்கார அண்ணே!" என்று கூப்பிட, பக்கத்தில் நின்ற சௌரிராஜன் திரும்பினார்.

"அட்டை சப்ளையா பண்றீங்க? எனக்கு ஆயிரம் வேணும். ஒண்ணுக்கு ஒன்றரை ரூபா தாரேன். எல்லாம் ஒரே அளவா, தட்டையா இருக்கணும்."

"பட்டினி போட்டா தட்டையாத்தான் இருக்கும், மொதலாளி."

சௌரிராஜன் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தார்.

'மதுரையில இம்புட்டுப் பேருக்கா கெட்ட ரத்தம்!' என்று மலைத்துக்கொண்டே வீரணன் ஊர் திரும்பினார். முன்பணம் அந்த வாரமே வீட்டுக்கூரைக்கு ஓடாகிவிட்டது. இருபது நாள் வாய்க்காலில் கிடந்து, நானூற்று இருபது அட்டைகளோடு கீழவாசலில் சௌரிராஜன் வீட்டில் போய் நின்றார். சௌரிராஜனின் மனைவி ஹம்சவேணி, கலயத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். அவர் போட்ட சத்தம் சௌராஷ்டிர பாஷையில் இருந்தாலும் வீரணனுக்கு நன்றாகவே புரிந்தது. கலயத்தை நகர்த்தப்போன சௌரிராஜனின் உள்ளங்கையில் ஒன்று ஏறிக் கடித்துக்கொண்டது. வீரணன் மடியிலிருந்த உப்பைத் தூவி விழவைத்தார்.

"ஏப்பா, இதுப்பா அட்டை!" கையை உதறியபடி, புடவை மடிப்புக்குள் வைக்கும் காகித அட்டையை எடுத்துக் காட்டினார் சௌரிராஜன். "சரி, நான் கேட்டதும் தப்புத்தான். முன்பணத்தை மெதுவாக் குடு."

வீரணனுக்கு வெட்கம் ஒருபக்கம், வியப்பு ஒருபக்கம். அட்டையின் மூலையைப் பிய்த்துப் பார்த்தார். தாள்மேல் தாள், தாள்மேல் தாள். "இதுவும் ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கு, மொதலாளி!"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. ரத்தம் குடிப்பதும் அட்டை, புடவைக்குள் படுத்திருப்பதும் அட்டை. ரேஷன் கடையில் நீட்டுவதும் அட்டை; அது இல்லாவிட்டால் மனுசன் பேரே ஊரோடு ஒட்டாது. ஒட்டுவதைக் கண்டு இதற்கெல்லாம் ஒரே பேரை வைத்தவன் எம்புட்டுக் கெட்டிக்காரன்! அவன் கட்டாயம் கொடிக்கால் வாய்க்காலில் இறங்கியவனாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி முருகம்மாள் ஒரே போடாகப் போட்டாள். "அடுத்தவுக காசுல ஓடு போட்டுக்கிட்டு உக்காந்தா, நாளைக்கு உன்னையத்தான் அட்டைம்பாக."

அது சுருக்கென்று தைத்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத வீரணன், கப்பலூர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை காய்ச்சப் போனார். தாளை ஒட்டவும் அளவு பார்த்து வெட்டவும் நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டார். படித்தவனுக்கு ஒரு வருஷம் பிடிக்கும் வேலை அது! ஐந்தாம் மாதம் பணத்தோடு கீழவாசலுக்குப் போய், கற்ற தொழிலையும் சொன்னார்.

"பணத்தை வச்சுக்கப்பா. அதுக்கு அட்டையாவே குடுத்துரு," என்றார் சௌரிராஜன்.

"அது வேற கணக்கு, மொதலாளி. மொதல்ல இது."

ஊரில் மேல்தெருக்காரர்கள் வீரணன் கையைத் தொட்டுக் காசு வாங்கியதில்லை. பழக்கதோஷத்தில் குனிந்து படியில் வைக்கப்போனார்.

"கீழ எதுக்கு வைக்கிறே? கையில குடு."

விரிந்த உள்ளங்கையில், அட்டை கடித்த மூன்று முனைத் தழும்பு மங்கலாகத் தெரிந்தது. வீரணன் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு அதன்மேல் ஒவ்வொரு நோட்டாக, விரல்பட, வாய்விட்டு எண்ணி வைத்தார்: ஐம்பது, நூறு, நூற்றைம்பது... எழுநூறு, எழுநூற்றைம்பது.